ஒரே பெயரில் இரண்டு நிரல்கள்: யார் பெயரை மாற்றிக்கொள்வது?

ஜனவரி 9 (கேள்வி)

உபுண்டு லினக்ஸில் பேட் என்ற நிரலை நிறுவினேன். கேட் கட்டளைக்குப் பதிலாக, ஃபைலை வண்ணத்தில் வரி எண்ணோடு காட்டுமே, அதுதான். பேக்கேஜ் ஒழுங்காக இறங்கியது, எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் 'பேட்' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. தேடிப் பார்த்தால் 'பேட்கேட்' என்று அடிக்க வேண்டுமாம். ஃபைல் தேடும் எஃப்டியும் இப்படித்தான் எஃப்டிஃபைண்ட் ஆகியிருக்கிறது. எழுதியவர் ஆசையாக வைத்த பெயரை மாற்ற, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸ்காரர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்றால் அதிகம் பேர் பயன்படுத்துவதற்கே அதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

ஜனவரி 9, இரவு (பதில்)

இந்த எரிச்சல் எனக்கும் பழக்கம். புது மெஷினில் உட்கார்ந்ததும் கை தானாக 'பேட்' என்று அடிக்கும், கட்டளை இல்லை என்று வரும், நிறுவவே மறந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும். அவசரத்துக்கு, பேட்கேட்டுக்கு 'பேட்' என்று ஒரு ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) வைத்துவிடுங்கள், போதும். காரணத்தை நாளை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

ஜனவரி 10

டெபியனில் 'பேட்' என்ற பெயர் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தது. பாகுலா என்று ஒரு பேக்கப் மென்பொருள் இருக்கிறது, பல மெஷின்களின் பேக்கப்பை ஓரிடத்திலிருந்து நிர்வகிப்பதற்கு. பாகுலா அட்மினிஸ்ட்ரேஷன் டூல் என்ற அதன் வரைகலைக் கருவியின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பேட். அதேபோல 'எஃப்டி' என்பது எஃப்டிகுளோன் என்ற பழைய ஃபைல் மேலாளரின் கட்டளை. இரண்டுமே புதிதாக வந்த நிரல்களுக்கு முன்பிருந்தே டெபியனில் இருப்பவை.

டெபியனின் கொள்கை ஆவணத்தில் 10.1 என்று ஒரு பிரிவு உண்டு. வேறு வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்களை இரண்டு பேக்கேஜ்கள் ஒரே ஃபைல் பெயரில் நிறுவக் கூடாது என்கிறது அது. அப்படி நேர்ந்தால் ஒன்று பெயர் மாற வேண்டும். எது மாறுவது என்பதைப் பராமரிப்பவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும், முடிவுக்கு வர முடியாவிட்டால் இரண்டுமே பெயர் மாற வேண்டும்! இதை முதலில் படித்தபோது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. இரண்டு பக்கத்துப் பயனர்களையும் ஒரே சமயத்தில் தொந்தரவு செய்கிற விதி இது. யோசித்தால், விட்டுக்கொடுக்காமல் முரண்டு பிடித்தே பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும் வழியை இது அடைத்துவிடுகிறது. பிடிவாதத்துக்குப் பலன் இல்லை என்றானால் பேச்சு சீக்கிரம் முடியும்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது, நோட் கதை.

ஜனவரி 10, பின்னிரவு

நோட் என்றால் இன்று எல்லாருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கும் நோட்.ஜேஎஸ்தான். டெபியனில் அதற்கு முன்பே 'நோட்' என்று ஒன்று இருந்தது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் வானொலி வழியே டேட்டா பாக்கெட் அனுப்புவார்கள், அந்த வலையில் ஒரு முனையாக நின்று இணைப்புகளை ஏற்றுக் கடத்துவது அதன் வேலை. பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்த மெஷின்கள் ஆளில்லாமல் ஏதோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கக் கூடியவை. கன்ஃபிக் ஃபைலில் 'நோட்' என்று முழுப் பாதையும் எழுதியிருக்கும். ஒரு அப்டேட்டில் பெயர் மாறினால் அங்கே போய்ப் பார்ப்பதற்கே ஒருவர் கிளம்ப வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒத்துவராமல் விஷயம் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரை போனது. 2012இல் முடிவு வந்தது. ரேடியோ நிரல் ஏஎக்ஸ்25-நோட் ஆக வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் 'நோட்ஜேஎஸ்' ஆக வேண்டும், பழைய பெயர் வேண்டும் என்பவர்கள் நோட்ஜேஎஸ்-லெகசி என்று தனியாக ஒரு பேக்கேஜ் போட்டுக்கொள்ளலாம், அதில் 'நோட்' என்ற சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) மட்டும் இருக்கும். இரண்டுமே பெயர் மாற வேண்டும் என்ற விதி அப்படியே நடந்தது.

அதன் விலையை நானும் கொடுத்தேன். அந்த வருடங்களில் நோட் உலகத்தில் எழுதப்பட்ட எந்த ஸ்கிரிப்டை எடுத்தாலும் முதல் வரியில் 'நோட்' என்றுதான் இருக்கும். டெபியனில் மட்டும் அந்த வரி செத்துவிடும். ஏதோ ஒரு பேக்கேஜ் போடும்போது நாலு அடுக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் விழும், பிழைச் செய்தியில் 'நோட்: அப்படி ஃபைல் இல்லை' என்று வரும், ஆனால் நோட் நிறுவியிருக்கிறோம் என்பது நமக்குத் திட்டவட்டமாகத் தெரியும். ஒரு மாலை முழுக்க அதில் போனது. லெகசி பேக்கேஜ் இருப்பது தெரிந்த பிறகு ஒரு வரியில் தீர்ந்தது.

2017இல் அந்த முடிவை அதே குழு திரும்பப் பெற்றது. இப்போது 'நோட்' என்றால் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆக, எண்ணிக்கை வென்றது என்பது உண்மை. ஐந்து வருடம் பொறுத்து வென்றது.

ஜனவரி 11

ஏலியாஸ் வையுங்கள் என்று முதல் நாள் சொன்னதைத் திருத்துகிறேன். டெர்மினலில் நீங்கள் கையால் அடிக்கும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். ஸ்கிரிப்டுக்குள் செய்யாது. ஃபைண்ட் கட்டளையின் எக்ஸெக்கிலோ எக்ஸ்ஆர்க்ஸ் வழியாகவோ, அதாவது வேறொரு கட்டளை மூலம் கூப்பிட்டால் செய்யாது. எடிட்டரின் உள்ளிருந்து கூப்பிட்டாலும் செய்யாது. சரியான வழி, ஹோம் டைரக்டரியில் .லோக்கல்/பின் என்று ஒன்றை உருவாக்கி, அதில் 'பேட்' என்ற பெயரில் பேட்கேட்டைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் வைப்பது.

இதிலும் ஒரு சிக்கல். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த டைரக்டரி லாகின் ஆகும் நேரத்தில் இருந்தால்தான் பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் வரிசையில், சேரும். இப்போதுதான் உருவாக்கினீர்கள் என்றால் ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இல்லாவிட்டால் சிம்லிங்க் போட்டும் கட்டளை இல்லை என்றே வரும்.

ஜனவரி 13

ஒரு பெயருக்கு எந்த நிரல் என்று தேர்ந்தெடுக்கும் ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற வசதி டெபியனில் இருக்கும்போது எதற்குப் பெயர் மாற்றம், பயனரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் வாதாடியிருக்கிறேன். அந்த வசதி ஒரே வேலையைச் செய்யும் வெவ்வேறு நிரல்களுக்கானது. 'எடிட்டர்' என்று கூப்பிட்டால் நானோ வரலாம், விம் வரலாம், எது வந்தாலும் ஃபைலைத் திருத்தலாம். நெட்வொர்க் இணைப்பு திறக்கும் 'என்சி' என்றால் ஓப்பன்பிஎஸ்டியின் நெட்கேட் வரலாம், பழைய நெட்கேட் வரலாம். ஆனால் 'பேட்' என்று கூப்பிட்டால் ஒரு மெஷினில் ஃபைலைக் காட்டும், இன்னொன்றில் பேக்கப் கன்சோல் திறக்கும் என்றால் அந்தச் சொல்லை நம்பி யாரும் ஒரு ஸ்கிரிப்ட் எழுத முடியாது. மெஷினின் நிர்வாகி எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று அந்த மெஷினின் மற்ற பயனர்களுக்கு எப்படித் தெரியும்?

நெட்கேட்டிலேயே முழு நிம்மதி இல்லை. பழையதில் மைனஸ் ஈ கொடுத்தால் ஒரு நிரலை இணைப்போடு கோர்த்துவிடும், ஓப்பன்பிஎஸ்டியுடையதில் அந்த வசதி கிடையாது. ஒரே வேலை என்பதற்கும் அளவு இருக்கிறது.

ஜனவரி 14

சும்மா நினைவுக்கு வந்தவை. டெபியனில் 'கிட்' என்ற பேக்கேஜ் முன்பு க்னூ இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற வேறொன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் அங்கே 'கிட்-கோர்' என்று பல வருடம் இருந்துவிட்டுத்தான் சொந்தப் பெயருக்கு வந்தது. பழையது க்னூஇட் ஆனது. 'குரோமியம்' என்பது விண்கலத்தில் பறந்து சுடும் ஒரு விளையாட்டு, அதனால் பிரவுசர் 'குரோமியம்-பிரவுசர்' ஆக வந்தது. 'டாக்கர்' என்பது டெஸ்க்டாப் ட்ரேயில் ஐகான்களை உட்காரவைக்கும் சின்ன நிரல். கன்டெய்னர் டாக்கரின் பேக்கேஜுக்கு டாக்கர்.ஐஓ என்று ஒட்டுப்பெயர் வந்தது அதனால்தான். 'ஆக்' என்று ஒரு தேடுகருவி, ஆனால் ஜப்பானிய எழுத்துக் குறியீடுகளை மாற்றும் ஒரு நிரல் அந்தப் பெயரில் இருந்ததால் 'ஆக்-கிரெப்'.

ஃபயர்ஃபாக்ஸ் இரண்டு முறை இடம் மாறிய பெயர். முதலில் ஃபீனிக்ஸ். வணிகச்சின்னப் பிரச்சினையால் 2003 ஏப்ரலில் ஃபயர்பேர்டு ஆனது, அங்கே ஃபயர்பேர்டு டேட்டாபேஸ்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், கடைசியில் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ். வெளியீட்டுக்கு முந்தைய நிலையில் இருந்ததால் அது தாங்கியது. இன்று அந்த அளவு பரவிய ஒரு நிரல் இரண்டு முறை பெயர் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஜனவரி 17

ஒரு முக்கியமான திருத்தம். இதை எழுதியதால்தான் என் எண்ணமே கொஞ்சம் மாறியது.

நோட் கதையை எழுதிய நினைப்பிலேயே இருந்தபோது, இரண்டு நிரலும் ஒரே ஃபைலுக்கு மோதின என்ற தோரணையில் சொல்லிவிட்டேனோ என்று உறுத்தியது. உண்மையில் ரேடியோ நிரல் /யுஎஸ்ஆர்/எஸ்பின்னில் இருந்தது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் /யுஎஸ்ஆர்/பின்னில். அதாவது பேக்கேஜ் மேலாளரின் கண்ணில் மோதலே இல்லை! டெபியனின் பேக்கேஜ் மேலாளரான டிபிகேஜி முழுப் பாதையைத்தான் பார்க்கும். ஒரு பாதைக்கு ஒரு பேக்கேஜ்தான் சொந்தக்காரர், இன்னொன்று அதே பாதையில் எழுத வந்தால் 'இந்த ஃபைல் ஏற்கெனவே இன்ன பேக்கேஜில் இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். ஆனால் டெர்மினலில் நாம் பாதையை அடிப்பதில்லை, கடைசிச் சொல்லை மட்டும் அடிக்கிறோம். பாத்தில் எந்த டைரக்டரி முன்னால் நிற்கிறதோ அது ஜெயிக்கும். ரூட் (நிர்வாகி) ஆக இருந்தால் ஒரு நிரல், சாதாரணப் பயனராக இருந்தால் இன்னொரு நிரல் என்றுகூட நடக்கலாம்.

ஆக மோதல் இரண்டு வகை. பேக்கேஜ் மேலாளர் பிடித்து நிறுத்துவது ஒன்று. அது எரிச்சல் தரும், ஆனால் சத்தமாக நடக்கும், எங்கே என்ன என்று சொல்லிவிடும். யாருமே பிடிக்காமல் பாத்தின் வரிசையில் நடப்பது மற்றது. டெபியன் பெயர் மாற்றியதைப் பற்றி இத்தனை வருடம் முணுமுணுத்திருக்கிறேன். என்னை உண்மையில் கடித்ததெல்லாம் இரண்டாவது வகை என்பது இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 18

கடித்தவற்றில் மோசமானது ஒய்க்யூ.

யாமல் என்ற வடிவத்தில் எழுதிய கன்ஃபிக் ஃபைலில் ஒரு மதிப்பை எடுக்கவோ மாற்றவோ உதவும் நிரல். இந்தப் பெயரில் இரண்டு உண்டு. ஒன்று பைத்தானில் எழுதியது, உள்ளே ஜேசன் வடிவத்துக்கான ஜேக்யூவைக் கூப்பிடும். மற்றது கோ மொழியில் தனியாக எழுதியது. டெபியனில் 'ஒய்க்யூ' என்றால் பைத்தான்காரர், மேக்கில் பேக்கேஜ் நிறுவும் ஹோம்ப்ரூவில் கோகாரர். ஒரே வேலை, ஒரே பெயர், எழுதும் முறையும் எளிய கட்டளைகளில் ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

என் லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கன்ஃபிக் ஃபைலைப் படித்து, பதிப்பு எண்ணை மட்டும் மாற்றி, ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதன் மேல் நகர்த்தும். மூன்றே வரி. லேப்டாப்பில் இருந்தது கோ மொழி ஒய்க்யூ, யாமல் கொடுத்தால் யாமலாகத் திருப்பித் தரும், கமென்டுகளும் (மனிதர் படிக்க எழுதும் குறிப்புகள்) தங்கும். சர்வரில் டெபியன், பேக்கேஜ் பட்டியலில் 'ஒய்க்யூ' என்று எழுதிவைத்தேன், நிறுவிக்கொண்டது. அங்கே வந்தது பைத்தான் ஒய்க்யூ. மைனஸ் ஒய் கொடுக்காவிட்டால் அது ஜேசன் என்ற இன்னொரு வடிவத்தில்தான் வெளியிடும். அந்தக் கட்டளை இரண்டுக்குமே புரியும், எதுவும் தவறு என்று சொல்லவில்லை, ஸ்கிரிப்ட் பூஜ்யம் (பிழை இல்லை என்று பொருள்) திருப்பித் தந்து முடிந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கையே இல்லாத பகுதி. ஜேசனில் எழுதியதை யாமல் படிக்கும் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். அதனால் கன்ஃபிக்கைப் படிக்கும் சர்வீஸ் எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியது. மூன்று வாரம் கழித்து வேறொரு காரணத்துக்காக அந்த ஃபைலைத் திறந்தால் எல்லாம் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியுமாக இருக்கிறது, ஒரு கமென்ட் இல்லை. 'இந்த எண்ணைக் குறைக்காதே, போன முறை குறைத்தபோது இணைப்புகள் அறுந்தன' என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய குறிப்பு அதில்தான் இருந்தது. பழைய பதிப்பிலிருந்து மீட்டேன். மீட்கப் பழைய பதிப்பு இல்லாதவர்களுக்கு அந்த அறிவு போனது போனதுதான்.

பேட்கேட் மாதிரி ஒரு முரட்டுப் பெயர் மாற்றம் இங்கே இருந்திருந்தால் முதல் நாளே ஸ்கிரிப்ட் விழுந்திருக்கும், ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

ஜனவரி 18, மாலை

இன்னொன்று, ஃபைல்களின் பெயரை மொத்தமாக மாற்றும் ரீநேம். டெபியன் குடும்பத்தில் 'ரீநேம்' என்றால் பெர்லில் எழுதியது, மாற்று விதியை எஸ்-சாய்கோடு வடிவத்தில் கொடுக்க வேண்டும். ஃபெடோரா, ஆர்ச் என்ற வேறு லினக்ஸ்களில் 'ரீநேம்' என்றால் யுடில்-லினக்ஸ் என்ற கருவித் தொகுப்பில் வருவது, அது பழைய சொல், புதிய சொல், பிறகு ஃபைல்கள் என்று எதிர்பார்க்கும். பெர்ல் வடிவத்தை அதற்குக் கொடுத்தால் என்ன ஆகிறது பாருங்கள். முழு விதியையும் 'தேட வேண்டிய சொல்' என்று எடுத்துக்கொள்ளும். முதல் ஃபைலின் பெயரை 'புதிய சொல்' என்று எடுத்துக்கொள்ளும். மீதி ஃபைல்களில் அந்தச் சொல்லைத் தேடும், எதிலும் இருக்காது, ஒன்றும் செய்யாமல் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும். புதிய பதிப்புகளில் எதையும் மாற்றவில்லை என்றால் வெளியேறும் எண் 4 வரும், அதைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் புரியும். அதே மெஷினில் டெபியன்காரர்கள் யுடில்-லினக்ஸ் நிரலை ரீநேம்.யுஎல் என்று வைத்தது எவ்வளவு நல்ல காரியம்.

ஜனவரி 20

"எனக்கு யார்ன் என்று அடித்தால் 'சினாரியோ எதுவும் இல்லை, ஒன்றாவது வேண்டும்' என்று வருகிறது, என் ப்ராஜெக்டில் சினாரியோ என்று எதுவுமே இல்லையே" என்று கேட்டவருக்கு: உங்களிடம் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் யார்ன் இல்லை. கமாண்ட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவிப் பேக்கேஜோடு வரும் வேறொரு யார்ன். டெபியனில் உங்களுக்கு வேண்டியதன் பெயர் யார்ன்பேக்கேஜ் என்பது, ஆங்கிலத்தில் பிகேஜி என்று முடியும். பிழைச் செய்தி நம் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத சொற்களில் பேசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறு யாரையோ கூப்பிட்டுவிட்டோமோ என்பதைத்தான். 'டைப் மைனஸ் ஏ' போட்டு அந்தப் பெயரில் எத்தனை பேர் பாத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வரிசையில் முதலில் வருபவர்தான் பதில் சொல்கிறவர்.

ஜனவரி 21

பைத்தானில் இது இரண்டு மடங்கு. அங்கே நிறுவும் பெயர் வேறு, இம்போர்ட் செய்யும் பெயர் வேறு, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சீரியல் போர்ட்டில் பேச 'சீரியல்' என்று இம்போர்ட் செய்வோம், ஆனால் நிறுவ வேண்டியது பைசீரியல். 'சீரியல்' என்றே நிறுவினால் முற்றிலும் வேறொன்று வரும், இம்போர்ட்டும் நடக்கும், போர்ட்டைத் திறக்கும்போதுதான் அப்படி ஒரு வகுப்பு இல்லை என்று விழும். பைகிரிப்டோவும் பைகிரிப்டோடோமும் ஒரே 'கிரிப்டோ' பெயரில் நிறுவிக்கொள்ளும், இரண்டையும் ஒரே சூழலில் போட்டால் ஒன்றின் ஃபைல்கள் மேல் மற்றது ஏறும். அதைத் தவிர்க்கவே பைகிரிப்டோடோமெக்ஸ் என்று ஒன்று 'கிரிப்டோடோம்' பெயரில் தனியாக வருகிறது. டிபிகேஜி இங்கே இருந்திருந்தால் 'நில்' என்று சொல்லியிருக்கும். பைத்தானில் நிறுவித் தரும் பிப் சொல்வதில்லை.

ஜனவரி 24

நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறீர்கள். பாதி சரி. அங்கே ஒவ்வொரு பேக்கேஜும் ஹாஷ் (தனித்துவமான குறியீடு) சேர்ந்த தனி டைரக்டரியில் உட்காருகிறது, அதனால் இரண்டு ஒய்க்யூ-வும் ஒரே டிஸ்கில் சண்டையில்லாமல் இருக்கும். ஒரு ஸ்கிரிப்டுக்கு இது, இன்னொன்றுக்கு அது என்று முழுப் பாதையோடு கட்டிவிடலாம். இது நிஜமான தீர்வு. ஆனால் என் ப்ரொஃபைலில் இரண்டையும் சேர்த்தால் மீண்டும் ஒரே 'பின்' டைரக்டரியில் ஒரே பெயர், மோதல் என்று சொல்லும். என் விரலுக்கு 'ஒய்க்யூ' என்ற சொல் ஒன்றுதான் இருக்கிறது, அதை எந்தப் பேக்கேஜ் மேலாளராலும் இரண்டாக்க முடியாது.

ஜனவரி 29

இத்தனை எழுதிவிட்டு என் நிரலைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை.

பழைய லாக் ஃபைல்களைச் சுருக்கி, குறிப்பிட்ட நாளுக்கு முந்தையதை நீக்கும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். லாக் ட்ரிம் என்பதால் 'எல்டி' என்று வைத்தேன். இரண்டு எழுத்து, அடிக்க எளிது, டெபியன் பேக்கேஜ்களில் தேடினேன், அந்தப் பெயரில் பேக்கேஜ் இல்லை, சரி என்று விட்டுவிட்டேன். கூட வேலை செய்யும் சிலரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் லோக்கல்டனல் என்ற கருவியை, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை நிறுவும் என்பிஎம் வழியாக நிறுவினார். உள்ளூர் சர்வரை வெளியே இருந்து பார்க்க வழி திறந்துவிடுவது அது. அதன் கட்டளையும் 'எல்டி'. அவருடைய பாத்தில் என்பிஎம் டைரக்டரி முன்னால் இருந்தது. ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினலில் அடித்தால் என் நிரல் ஓடியது, ஏனென்றால் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஒரு கட்டளையை எங்கே கண்டது என்று நினைவில் வைத்துக்கொள்ளும். புது டெர்மினலில் அடித்தால் போர்ட் எண் கேட்டது. ஒரே மெஷின், ஒரே பயனர், பக்கத்துப் பக்கத்து இரண்டு ஜன்னல், இரண்டு பதில். அந்த நினைவை அழிக்கும் 'ஹாஷ் மைனஸ் ஆர்' போட்டதும் பழைய ஜன்னலும் போர்ட் கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் புரிந்தது.

அதற்குள் இரவில் ஓடும் அவருடைய ஸ்கிரிப்ட் பல நாள் போர்ட் எண் இல்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது, பிழையைக் கவனிக்கும்படி நான் உதாரணத்தில் எழுதிக்கொடுக்கவில்லை, லாக் நிறைந்து டிஸ்க் முட்டிக்கொண்டது. டெபியனில் மட்டும் தேடியது என் தவறு. ரிபாலஜி தளத்தில் ஒரு பெயரைப் போட்டால் பல இயங்குதளங்களில் அது எது எதைக் குறிக்கிறது என்று ஒரே பக்கத்தில் காட்டுகிறது. அதோடு பேக்கேஜ் பெயரை மட்டும் தேடினால் போதாது. ரிப்கிரெப் பேக்கேஜின் கட்டளை 'ஆர்ஜி' என்பது போல, உள்ளே இருக்கும் கட்டளையின் பெயர் வேறாக இருக்கும். பேக்கேஜ்களுக்குள் இருக்கும் ஃபைல்களைத் தேடும் ஆப்ட்-ஃபைல் வைத்து 'பின்' டைரக்டரிகளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்பிஎம், பைத்தானின் பைபிஐ இரண்டிலும் பார்க்க வேண்டும். இரண்டெழுத்துப் பெயர் மொத்தம் அறுநூற்றுச் சொச்சம்தான். 26ஐ 26ஆல் பெருக்கினால் 676. உலகம் முழுக்க எழுதும் நிரல்களுக்கு அது எந்த மூலைக்கு?

ஜனவரி 30

பெயரை மாற்றியாயிற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவு செய்துவிட்டேன், நீளமான பெயர். சுருக்கம் வேண்டுபவர் தன் மெஷினில் சிம்லிங்க் போட்டுக்கொள்ளட்டும், சுருக்கப் பெயரை எடுப்பது அந்த மெஷின்காரரின் உரிமை, என்னுடையது இல்லை. 'எல்டி' என்று பெயர் வைத்த நாளில் நான் நின்ற இடத்துக்கு இது நேர் எதிர்.

பழைய பெயர் ஒரு பதிப்பு வரைக்கும் இருக்கும், ஓடும்போது எச்சரிக்கை சொல்லும்.

பிப்ரவரி 2

அந்த எச்சரிக்கையை எழுத உட்கார்ந்தபோது வீடியோ, ஆடியோ ஃபைல்களை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நினைவு வந்தது. 2011இல் அதிலிருந்து ஒரு குழு பிரிந்து லிப்ஏவி என்று தொடங்கியது. டெபியனும் உபுண்டுவும் லிப்ஏவி பக்கம் போயின. அங்கே 'எஃப்எஃப்எம்பெக்' என்று அடித்தால் வந்தது லிப்ஏவியின் நிரல். அது இந்த நிரல் கைவிடப்பட்டது, இனி ஏவிகான்வ் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. சொன்னவர் லிப்ஏவி, சொன்னது தன்னிடம் இருந்த அந்த ஒரு கட்டளையைப் பற்றி. படித்தவர்கள் பலர் எஃப்எஃப்எம்பெக் திட்டமே முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டு என் ஸ்கிரிப்டுகளை எல்லாம் மாற்றினேன். எஃப்எஃப்எம்பெக் அந்தக் காலம் முழுக்க உயிரோடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 2015இல் டெபியன் திரும்ப அதற்கே மாற முடிவெடுத்தது, 2017இல் வந்த டெபியன் 9இல் அதுதான் இருந்தது. நான் மாற்றியதை எல்லாம் திரும்ப மாற்றினேன்.

அதனால் 'எல்டி கைவிடப்பட்டது' என்று நான் எழுதக் கூடாது. லோக்கல்டனல் வைத்திருப்பவர் அதைப் பார்த்தால் தன் கருவிதான் போனது என்று நினைப்பார். நான்கு முறை எழுதி அழித்து, கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன்: "இது லாக் ஃபைல்களைச் சுருக்கும் நிரல். இதன் பெயர் லாக்-ட்ரிம்மர் என்று மாறியிருக்கிறது, நிரல் அதேதான். எல்டி என்ற பெயரில் வேறு கருவிகளும் உண்டு, அவற்றுக்கும் இந்தச் செய்திக்கும் தொடர்பில்லை. நீங்கள் இப்போது இயக்கிய ஃபைல் இருக்கும் இடம்:" அதன் கீழே முழுப் பாதை.